உப்பிருந்த பாண்டம்

(பாட்டிலும் பேச்சிலும் வரும் சொற்களைப் பற்றி வாசகர்கள் கேட்கும் கேள்விகளுக்கு, அச்சகத்தில் முப்பது வருடம் மெய்ப்புத் திருத்திய ஒருவர் பதில் சொல்லும் பகுதி)

கேள்வி: ஐயா, என் மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். விடுமுறைக்கு வந்தவன் ராத்திரியில் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கிறான். அழுகணிச் சித்தர் பாட்டாம். 'ஊத்தைச் சடலமடி' என்று வருகிறது. 'அது யோகப் பாட்டு, பயப்படாதே' என்கிறார் என் வீட்டுக்காரர். 'சாவு வீட்டுப் பாட்டை விளக்கு வைத்த வீட்டில் போடக்கூடாது' என்கிறார் மாமியார். எனக்கோ, சாகணும் என்று யாரோ பாடுவது போலக் கேட்கிறது. உண்மையில் இதற்கு என்ன பொருள்? அந்தக் கண்ணம்மா யார்?
(வாசகி, கும்பகோணம்)

பதில்: அம்மா, மற்ற வாசகர்களுக்கும் தெரியட்டும் என்று முதலில் பாட்டைப் போட்டுவிடுகிறேன். பதிப்புக்குப் பதிப்பு ஓரிரு எழுத்து மாறும்.

ஊற்றைச் சடலமடி உப்பிருந்த பாண்டமடி
மாற்றிப் பிறக்க மருந்தெனக்குக் கிட்டுதில்லை
மாற்றிப் பிறக்க மருந்தெனக்குக் கிட்டுமென்றால்
ஊற்றைச் சடலம்விட்டே என் கண்ணம்மா
உன்பாதம் சேரேனோ

நீங்கள் 'ஊத்தை' என்று எழுதியிருக்கிறீர்கள், இங்கே 'ஊற்றை' என்று இருக்கிறது. இரண்டும் அழுக்குதான். பல் தேய்க்காதவனை 'ஊத்தை வாய்' என்று திட்டுகிறோமே, அதே ஊத்தை. பாடியவர் வாயில் 'ஊத்தை, மாத்தி' என்றுதான் வந்திருக்கும் என்பது என் எண்ணம். அச்சுக்குப் போட்டவர்கள் இரண்டுக்கும் சட்டை மாட்டி 'ஊற்றை, மாற்றி' ஆக்கியிருப்பார்கள். எப்படிப் போட்டாலும் ஜோடியாகப் போட வேண்டும், இல்லாவிட்டால் எதுகை உடைந்துவிடும். சில புத்தகங்களில் முதல் அடி ஊத்தை, இரண்டாம் அடி மாற்றி. பார்த்தாலே கை பேனாவைத் தேடுகிறது. சரி, அது என் வியாதி.

'உப்பிருந்த பாண்டம்' என்பதைப் பலரும் 'உப்புச் சட்டி போன்ற உடம்பு' என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். அங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். என் பாட்டி வீடு வேதாரண்யத்தில். அகஸ்தியம்பள்ளி அளத்து உப்பு ஒரு மண்பானையில் அடுப்பங்கரை மூலையில் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அந்தப் பானை வெளிப்பக்கம் வியர்க்கும். தை பிறந்து வெயில் ஏறினால் வியர்த்த இடமெல்லாம் வெள்ளையாகப் பூக்கும். நகத்தால் சுரண்டினால் மண் செதில் செதிலாக வரும். உப்பு கரைந்து மண்ணுக்குள் இறங்கிக் காய்ந்து கட்டியாகும்போது உள்ளிருந்தே பானையைப் பிளக்கிறது. உப்பை வேறு பாத்திரத்துக்கு மாற்றிய பிறகும் அந்தப் பானை உதிர்ந்துகொண்டேதான் இருக்கும். தண்ணீர் வைக்க முடியாது, அரிசி போட முடியாது. பாட்டி அதைக் கொல்லையில் கவிழ்த்து வைத்திருந்தாள். ஒருநாள் கோழி ஏறி நின்றதும் அப்படியே உட்கார்ந்துவிட்டது.

இப்போது சொல்லைப் பாருங்கள். 'உப்புள்ள பாண்டம்' என்று சொல்லவில்லை, உப்பு 'இருந்த' பாண்டம். இறந்த காலம். உள்ளே இருந்தது போய்விட்டது, அரிப்பு மட்டும் நிற்கவில்லை. வேறு எதற்கும் ஆகாத பானை. அதனால்தான் அடுத்த வரி 'மாற்றி' என்று தொடங்குகிறது.

அடுத்தது 'கிட்டுதில்லை'. அச்சகத்தில் சேர்ந்த புதிதில் ஒரு சித்தர் பாடல் தொகுப்பு என் மேசைக்கு வந்தது. நான் பெரிய மேதை மாதிரி அதைக் 'கிட்டவில்லை' என்று திருத்தி அனுப்பினேன். பதிப்பாசிரியராக இருந்த புலவர் மறுநாள் தாளோடு வந்தார். கோபப்படவில்லை. "தம்பி, உங்க வீட்ல அரிசி கிட்டாத அன்னிக்கு உங்கம்மா எப்படிச் சொல்லுவாங்க?" என்று கேட்டார். நான் முழித்தேன். 'கிட்டவில்லை' என்றால் ஒருமுறை தேடினேன், கிடைக்கவில்லை, கதை முடிந்தது. 'கிட்டுதில்லை' என்றால் இன்றைக்கும் தேடுகிறேன், இன்றைக்கும் இல்லை. என் திருத்தத்தின் மேல் அவரே சிவப்பில் கோடு போட்டுவிட்டுப் போனார்.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். 'சடலம் விட்டே உன் பாதம் சேரேனோ' என்பது சாக விரும்புவதுதானே என்கிறீர்கள். அந்த 'சேரேனோ' என்ற சொல்லைப் பிரித்தால் 'சேரேன்' கிடைக்கும். 'சேர மாட்டேன்' என்று பொருள். அதோடு ஒரு 'ஓ'. ஆக, 'சேர மாட்டேனா?' என்று ஆகிறது. கடைத்தெருவில் பிள்ளை பொம்மைக்கு அடம்பிடிக்கிறது. கையில் காசில்லாத தாய் சொல்கிறாள்: "இருந்தா வாங்கித் தர மாட்டேனா கண்ணு?" அந்த 'மாட்டேனா'தான் இந்த 'சேரேனோ'. மருந்து கிட்டினால் வர மாட்டேனா? கிட்டவில்லையே, அதனால் இங்கேயே கிடக்கிறேன். இதில் ஆசையும் இருக்கிறது, இயலாமையும் இருக்கிறது, கொஞ்சம் சமாதானம் சொல்லும் தொனியும் இருக்கிறது. போய்ச் சேரப் போகிறேன் என்ற அறிவிப்பு இல்லை. இவருடைய கண்ணிகள் (இந்த மாதிரிச் சின்னச் சின்னப் பாட்டுகள்) பலவும் இதே அச்சில் வார்த்தவை: இரண்டாம் அடியில் ஒன்று இல்லை என்பார், மூன்றாம் அடியில் அது மட்டும் இருந்தால் என்பார், கடைசியில் எதிர்மறையோடு ஓர் 'ஓ' வைத்து விட்டுவிடுவார்.

அப்புறம், 'மாற்றிப் பிறக்க மருந்து' என்பதும் ஒரே பொருளில் நிற்காது. இந்த உடம்பை விட்டு வேறு பிறப்பு எடுப்பதா? அல்லது இந்த உடம்பையே அழியாததாக மாற்றிக்கொள்ளும் காயகற்பமா? சித்தர்கள் இரண்டாவதைத் தேடியவர்கள் என்பது ஊரறிந்தது. அப்படிப் பார்த்தால் இது சாவைத் தள்ளிப்போடும் மருந்து கேட்கும் பாட்டு. ஆனால் உடனே 'சடலம் விட்டே' என்கிறாரே என்றால், ஆமாம், என்கிறார். அந்த இடறலை நான் சரிசெய்யப் போவதில்லை. அங்கே இடறினால்தான் அது பாட்டு.

கண்ணம்மா யார் என்று கேட்டீர்கள். மனைவி என்பவர்கள் உண்டு, வாலை என்ற குமரித் தெய்வம் என்பவர்கள் உண்டு, தன் மனசுக்கே வைத்த பெயர் என்பவர்களும் உண்டு. சித்தர்களில் பலருக்கு இப்படி ஒரு ஆள் முன்னால் வேண்டும். ஒருவர் பாம்பைப் பார்த்துப் பாடுகிறார், ஒருவர் குதம்பாய் என்று காதணி போட்ட பெண்ணை விளிக்கிறார், ஒருவர் மனசையே அகப்பேய் என்கிறார். இவருக்குக் கண்ணம்மா. ஒரே பாட்டில் 'அடி' என்றும் கூப்பிடுகிறார், 'உன் பாதம்' என்றும் சொல்கிறார் என்பதைக் கவனியுங்கள். மனைவியை அடி என்பார்கள், பாதத்தில் விழ மாட்டார்கள். தெய்வத்தின் பாதத்தில் விழுவார்கள், அடி என்று கூப்பிட மாட்டார்கள். அப்படியும் சொல்லிவிட முடியாது. நம் ஊர் மாரியம்மனை 'வாடி, வந்து பாருடி' என்று சண்டை பிடிக்கும் கிழவிகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பாரதியின் கண்ணன் பாட்டிலும் கண்ணம்மா ஓரிடத்தில் குழந்தை, ஓரிடத்தில் காதலி, ஓரிடத்தில் குலதெய்வம். எந்தக் கண்ணம்மா உண்மை என்று அங்கே நாம் கேட்பதில்லை. இங்கேயும் கேட்க வேண்டாம்.

மாமியார் காது கெட்டிக்காரக் காது. ஒரு அடியைச் சொல்லி, அதையே கொஞ்சம் திருப்பி மறுபடி சொல்வது ஒப்பாரியின் நடைதான். சாவு வீட்டு வாசனை அவருக்கு அடிப்பதில் தப்பே இல்லை.

கடைசியாக ஒன்று. பாட்டுக்கு என்னைக் கேளுங்கள், பையனுக்குப் பையனைக் கேளுங்கள். பாட்டை நிறுத்தச் சொல்லாமல், பக்கத்தில் போய் உட்கார்ந்து முழுசாக ஒருமுறை நீங்களும் கேளுங்கள். 'எந்த வரிடா உனக்குப் பிடிச்சிருக்கு?' என்று ஆரம்பிக்கலாம். மெட்டு பிடித்துக் கேட்கிறான் என்றால் நல்லது. சாப்பாடு குறைந்து, தூக்கம் கெட்டு, யாரோடும் பேசாமல் இருக்கிறான் என்றால், அல்லது வாழப் பிடிக்கவில்லை என்பது போல ஏதாவது சொன்னான் என்றால், தாமதிக்காமல் மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். அதற்குச் சித்தரும் வேண்டாம், நானும் வேண்டாம்.

கேள்வி: 'கொல்லன் உலைபோலக் கொதிக்குதடி என் வயிறு' என்ற அழுகணிச் சித்தர் பாட்டில் கொல்லன் உலை என்பது மூலாதாரம் (முதுகெலும்பின் அடியில் இருப்பதாக யோகத்தில் சொல்லும் இடம்), கொதிப்பது குண்டலினி (அங்கே உறங்குவதாகச் சொல்லும் சக்தி) என்று உரையில் படித்தேன். அப்படியானால் வெளியே தெரியும் பொருள் பொய்தானே? அதை ஏன் படிக்க வேண்டும்?
(வாசகர், ஈரோடு)

பதில்: உரைகாரர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்த வகை உரைகள் பரீட்சைக்கு முந்தின நாள் விற்கும் நோட்ஸ் மாதிரி. இதற்கு இது, அதற்கு அது என்று வலது பக்கம் விடை இருக்கும். பாட்டைப் படிக்காமலே தேறிவிடலாம்.

கொல்லன் உலைபோலக் கொதிக்குதடி என்வயிறு
நில்லென்று சொன்னால் நிலைநிறுத்தக் கூடுதில்லை
நில்லென்று சொல்லி நிலைநிறுத்த வல்லார்க்குக்
கொல்லென்று வந்தநமன் என் கண்ணம்மா
குடியோடிப் போகானோ

வயிறு கொதிப்பது என்றால் ஒரு தமிழனுக்கு முதலில் என்ன தோன்றும்? பசி. அடுத்தது, பிள்ளையைப் பறிகொடுத்தவள் அடித்துக்கொள்ளும் வயிறு. மூலாதாரம் மூன்றாவதாக, யாராவது சொல்லிக் கொடுத்தால் தோன்றும். பாடியவர் முதல் இரண்டையும் அறியாமல் 'வயிறு' என்ற சொல்லை எடுத்திருப்பாரா? யோகம் மட்டுமே சொல்ல வேண்டுமென்றால் மூலக்கனல் என்றே சொல்லியிருக்கலாம். சித்தர் பாட்டில் அந்த மாதிரிச் சொல்லுக்குப் பஞ்சமே இல்லை.

உரைக்கு ஒரு நியாயமும் உண்டு, மறைக்கக் கூடாது. கொல்லன் உலை என்றால் கூடவே துருத்தி வரும். துருத்தி என்றால் மூச்சு. 'நில்லென்று சொன்னால்' என்பதை மூச்சை நிறுத்துவதாகப் படித்தால் பாட்டு சட்டென்று ஒரு பூட்டுத் திறந்த மாதிரி விரிகிறது. மூச்சை நிறுத்தத் தெரிந்தவனிடம் எமன் வர மாட்டான், வந்தாலும் 'குடியோடிப் போவான்', அதாவது சட்டிபானையோடு வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு ஓடுவான். எமனை வாடகைக் குடித்தனக்காரன் மாதிரி ஓட வைக்கிற இந்தக் குறும்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும். கும்பகோணம் அம்மா இந்தக் கண்ணியையும் பார்க்க வேண்டும். இவர் எமன் கட்சி இல்லை.

ஆனாலும் 'வல்லார்க்கு' என்றுதான் சொல்கிறார், 'எனக்கு' என்று சொல்லவில்லை. வல்லவர்கள் யாரோ இருக்கிறார்கள், தனக்கோ 'கூடுதில்லை'. வெற்றி பெற்ற யோகியின் பாட்டு என்று உரை சொல்லும்போது, மூலத்தில் இருப்பது தோற்றுக்கொண்டிருப்பவரின் குரல். உள்பொருள் தெரிந்த பிறகும் வெளிப்பொருள் போகவில்லை பாருங்கள். பசித்த வயிறும் கொதிக்கிறது, யோகம் கைகூடாத வயிறும் கொதிக்கிறது.

இதே ஆள் இன்னொரு கண்ணியில் காட்டானை மேலேறிக் கடைத்தெருவில் போகிறார், ஊரார் வழிமறித்துச் சிரிக்கிறார்கள். காட்டானை என்றால் அடங்காத மனம் என்று உரை. எனக்கு அந்தக் 'காடு' சுடுகாடாகவும் கேட்கிறது. நாலு பேர் தூக்க, உயரத்தில் படுத்துக்கொண்டு கடைத்தெரு வழியாகப் போகிற போக்கு ஒன்றுதானே நம் எல்லோருக்கும் உறுதி? இது என் காது. எந்த உரையிலும் பார்த்ததில்லை, ஒப்புக்கொள்ள வேண்டும் என்றும் இல்லை.

கேள்வி: 'பையூரிலேயிருந்து பாழூரிலே பிறந்து' என்று தொடங்கும் அழுகணிச் சித்தர் கண்ணியில் 'பையூரும் மெய்யூரும் பாழாய் முடியாவோ' என்று முடிகிறது. மெய்யூர் என்றால் உண்மையின் ஊர். அதுவும் எப்படிப் பாழாகும்? அச்சுப் பிழையா?
(வாசகர், விழுப்புரம்)

பதில்: அச்சுப் பிழை என்றால் அது என் இனத்தின் தலையில்தான் விழும், அதனால் கவனமாகவே பார்த்தேன். பிழை இல்லை.

பையூரிலேயிருந்து பாழூரிலேபிறந்து
மெய்யூரில் போவதற்கு வேதாந்த வீடறியேன்
மெய்யூரில் போவதற்கு வேதாந்த வீடறிந்தால்
பையூரும் மெய்யூரும் என் கண்ணம்மா
பாழாய் முடியாவோ

பை என்பது கருப்பை. அங்கிருந்து கிளம்பிப் பிறந்து விழுந்த ஊர் பாழூர், இந்த உலகம். போக வேண்டியது மெய்யூர். 'வீடு' என்றால் குடியிருக்கும் வீடும் ஆயிற்று, முக்தியும் ஆயிற்று. வழி விசாரித்துக்கொண்டு போகிற வெளியூர்க்காரன் மாதிரி, ஊர் பெயர் தெரியும், வீடு அடையாளம் தெரியாது. இதுவரை சிக்கல் இல்லை.

சிக்கல் இரண்டு சொல்லில். மெய் என்றால் உண்மை, மெய் என்றால் உடம்பும்தான். உடம்பு என்று எடுத்தால் மெய்யூர் பாழாவதில் அதிசயம் ஒன்றுமில்லை. வீட்டை அறிந்தவனுக்குக் கருப்பையும் இல்லை, உடம்பும் இல்லை. ஆனால் அப்படி எடுத்தால் இரண்டாம் அடியில் மெய்யூருக்கு ஏன் போக ஆசைப்பட வேண்டும்? உண்மை என்று எடுத்தால் இரண்டாம் அடி சரியாகும், ஐந்தாம் அடி உதைக்கும்.

அப்போது 'பாழ்' கைகொடுக்கிறது. நமக்குப் பாழ் என்றால் கூரை சரிந்து எருக்கு முளைத்த வீடு. சைவத்தில் பாழ் என்பது வெட்டவெளி, ஒன்றுமில்லாத நிறைவு. திருமந்திரம் முப்பாழ் என்று பேசுகிறது. அந்தப் பாழில் உண்மையும் கரைந்துபோனால் அது நஷ்டமில்லை. ஆனால் முதல் அடியிலேயே 'பாழூரிலே பிறந்து' என்று அதே சொல்லை வைத்துவிட்டாரே. கிளம்பிய பாழும் சேர்ந்த பாழும் ஒன்றா, வேறா? ஞானி இதைப் படித்துச் சிரிப்பார். நான் படித்த ராத்திரி, எனக்கு வயது 26, தூக்கம் வரவில்லை.

மேலே சொன்ன அதே தொகுப்பில் இந்தக் கண்ணியின் கடைசியில் ஒரு கேள்விக்குறி போட்டு அனுப்பினேன். ஏட்டுச்சுவடியில் கேள்விக்குறி கிடையாது, அதெல்லாம் அச்சோடு வந்து ஒட்டிக்கொண்டது. புலவர் அதை எடுத்துவிட்டு ஆச்சரியக்குறி போட்டார். இரண்டாம் மெய்ப்பில் அதையும் எடுத்துவிட்டார். புத்தகத்தில் 'முடியாவோ' என்பதற்கு அப்புறம் வெறும் வெள்ளைத்தாள்தான்.

கேள்வி: 'நந்தவனத்தில் ஓர் ஆண்டி' பாட்டில் வரும் 'நாலாறு மாதம்' பத்தா, இருபத்து நாலா? வீட்டில் பந்தயம்.
(வாசகர், மதுரை)

பதில்: பத்து. நாலும் ஆறும் கூட்ட வேண்டும், பெருக்கக் கூடாது. தாய் வயிற்றில் இருக்கிற கணக்கு அதுதான். சந்தேகம் இருந்தால் கடுவெளிச் சித்தரின் அந்தப் பாட்டை முழுசாகப் படியுங்கள். 'நீர்மேற் குமிழி இக்காயம்' என்று உடம்பைப் பற்றி அவரே அங்கே சொல்லியிருக்கிறார். குயவனிடம் கெஞ்சி வாங்கிய தோண்டி எது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். இருபத்து நாலு என்றவர் பந்தயப் பணத்தை எடுத்து வைக்கட்டும்.

கேள்வி: அழுகணியா, அழுகண்ணியா? எது சரி?
(வாசகர், சிங்கப்பூர்)

பதில்: பெரும்பாலான பதிப்புகளில் அழுகணி. பாட்டெல்லாம் அழுகையாக இருப்பதால் அழும் கண்ணை உடையவர் என்று அழுகண்ணி ஆனார் என்பார்கள். சித்த மருத்துவத்தில் அழுகண்ணி, தொழுகண்ணி என்று மூலிகைகள் வேறு உண்டு, அதையும் இவரோடு முடிச்சுப் போடுவார்கள். இவர் சமாதி நாகப்பட்டினம் நீலாயதாட்சி அம்மன் கோயிலில் இருப்பதாகச் சொல்வது வழக்கம். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் விளையாட்டில் ஏமாற்றுகிறவனை 'அழுகுணி ஆட்டம் ஆடாதே' என்பார்கள். சின்ன வயதில் இந்தச் சித்தரும் அந்த மாதிரி ஆள் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் அழுகணி என்றே எழுதுங்கள், மெய்ப்பு மேசையில் யாரும் கை வைக்க மாட்டார்கள்.